இடிபடும் வீடுகளில் கிடைக்கும் முத்திரைச் செங்கல்: எடுப்பது, படிப்பது, காப்பது

களத்துமேடு
வணக்கம். கோவைக்கு மேற்கே ஒரு பழைய வீட்டை இடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒன்பது அங்குலக் கல். சில கற்களின் ஒரு முகத்தில் உள்ள குழியில் சூளையின் முத்திரையாக மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன, மற்றவற்றில் சாந்து அடைத்துக் கிடக்கிறது. அந்த எழுத்தில் இப்போது எந்தச் சூளையும் ஓடவில்லை. பத்துப் பதினைந்து கல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். சாந்தை எழுத்து கெடாமல் எப்படி எடுப்பது? வயதை எப்படிக் கணிப்பது? எந்தக் கல்லை எடுப்பது, எதை விடுவது?

கொத்துக்கரண்டி
தம்பி, முதல்ல சுவரோட உச்சிக்குப் போங்க. நம்ம ஊர்ல குழி மேல பார்க்கிற மாதிரிதான் கல்லை வைப்போம், அடுத்த வரிக்குப் போடுற சாந்து குழியில இறங்கிப் பிடிச்சுக்கும். அதனாலதான் எழுத்து எல்லாம் அடைபட்டுக் கிடக்கு. ஆனா கைப்பிடிச் சுவர், காம்பவுண்டுச் சுவர் இதுல எல்லாம் கடைசி வரிக் கல்லைக் கவுத்து வைக்கிறது வழக்கம். அங்க குழிக்குள்ள சாந்து முழுசா ஏறியிருக்காது. மேல் பூச்சைத் தட்டிட்டு அந்த வரியை மட்டும் கையால பேத்து எடுங்க, பாதி வேலை மிச்சம்.

அடுத்து சாந்தே படாத கல்லைத் தேடுங்க. தோட்டத்துப் பாத்தி ஓரம், துவைக்கிற கல்லுக்கு அடியில முட்டுக் குடுத்தது, கொல்லையில மிச்சம் அடுக்கி வெச்சது. கட்டும்போது மீந்த கல் அதே லோடுல வந்ததாத்தான் இருக்கும்.

கடப்பாரையைக் கல்லு மேல வைக்கவே கூடாது, சந்துலதான் விடணும். குழி இருக்கிற இடம்தான் கல்லுல மெலிசு. நடுவுல அடி விழுந்தா எழுத்தோட சேர்ந்து ரெண்டாப் பிளந்துடும்.

சுண்ணாம்புச்சாந்து
மேஸ்திரி சொன்னது முற்றிலும் சரி. எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தவறவிட்டால் பின்னால் சரிசெய்யவே முடியாது. கல் சுவரில் இருக்கும்போதே படம் எடுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனையாவது வரி, முதலில் கட்டிய பகுதியா பின்னால் சேர்த்த பகுதியா, சாந்து சுண்ணாம்பா சிமெண்டா. இவை குறிக்கப்படாத கல் வெறும் மூன்று எழுத்துள்ள மண்துண்டு. மறைந்த சூளைக்காரர்களைப் பற்றி அச்சில் கிடைப்பது மிகக் குறைவு. எந்த எழுத்து எந்த ஊர்களில் எவ்வளவு தூரம்வரை கிடைக்கிறது என்ற வரைபடம்தான் சூளை இருந்த இடத்தைக் காட்டும். அந்த வரைபடத்தில் ஒரு புள்ளியாக நிற்க உங்கள் கல்லுக்கு இடம் தெரிந்திருக்க வேண்டும்.

இனி சாந்து. கல்லை நிழலில் இரண்டு மூன்று வாரம் காயப் போடுங்கள். ஈரமாக இருக்கும்போது சுரண்டக் கூடாது. சரியாக வேகாத கல்லின் மேற்பரப்பு ஈரத்தில் இளகிவிடும், எழுத்தின் விளிம்பு சாந்தோடு சேர்ந்து வந்துவிடும். காய்ந்தபின் கல்லைப் பழைய சாக்கின் மேல் வைத்து, குழிக்கு எதிர்ப்புறத்தில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. பல நேரம் குழி வடிவிலேயே ஒரே கட்டியாகக் கழன்றுவிடும். கழலாவிட்டால், குழியின் சரிந்த ஓரத்தில் தொடங்கி மூங்கில் சிம்பால் தட்டையான கோணத்தில் நெம்பி உள்ளே வாருங்கள். எழுத்தை மூடியிருக்கும் கடைசி மெல்லிய படலத்துக்கு நைலான் தூரிகை மட்டும் போதும். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம், கல்லில் கோடு விழும். கோட்டில் தங்கும் இரும்புத் துகள் பின்னால் துருக்கறையாகும்.

சிமெண்டுச் சாந்து என்றால் தொடாதீர்கள். கல்லைவிட அது வலுவாகப் பிடித்திருக்கும், எழுத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அதே முத்திரையில் வேறு கல் தேடுங்கள். கல் ஏற்கெனவே உடைந்து சிமெண்டுக் கட்டி தனியே கழன்றிருந்தால் அந்தக் கட்டியையும் எடுத்து வையுங்கள். எழுத்து அதில் தலைகீழ் வார்ப்பாகப் பதிந்திருக்கும், சில சமயம் கல்லில் இருப்பதைவிடத் தெளிவாக.

வடவள்ளிவாசி
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? டைல்ஸ் கழுவுற ஆசிட்டை ஊத்தினா சுண்ணாம்பு நுரைச்சுப் போயிடுமே. விற்பனைக்கு வர்ற பழைய கல் நிறைய அப்படித்தான் சுத்தமா இருக்கு.

சுண்ணாம்புச்சாந்து
நண்பரே, நுரைத்துப் போவது உண்மை. போன சுண்ணாம்பு எங்கே போகிறது என்று பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் குளோரைடு உண்டாகும். அது நீரில் கரையும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கரைசலாகவே கல்லின் துளைகளுக்குள் இறங்கிவிடும். மேலே எவ்வளவு கழுவினாலும் உள்ளே போனது எளிதில் வெளியே வராது. மழைக்காலத்தில் கல் கசகசக்கும், கோடையில் உப்பு பூக்கும், இரண்டும் மாறி மாறி நடந்தால் குழியின் மேல்தோல் பொடிப்பொடியாக உதிரும். முதலில் போவது எழுத்துதான். அமிலம் கல்லின் இரும்பையும் கரைப்பதால் மஞ்சள் கறை வேறு. அமிலத்தில் கழுவிய கல்லில் இயல்பான மணல் படிந்த தோல் இருக்காது. அந்தத் தோல்தான் கல்லை எப்படி அறுத்தார்கள், அதாவது அச்சில் வார்த்தார்கள், என்பதற்குச் சாட்சி. விற்பனைக்கு வரும் ‘சுத்தமான’ கல்லை வாங்காமலிருப்பது நல்லது.

கொத்துக்கரண்டி
எப்படி அறுத்தாங்கன்னு பார்க்கிற வழி சொல்றேன். அச்சுல மண்ணை அப்பி, மேல வர்ற மிச்சத்தை வழிச்சு எடுப்பாங்க. வழிச்ச முகத்துல நீளவாக்குல இழுத்த தடம் இருக்கும். அதுக்கு எதிர் முகம்தான் அச்சோட அடிப்பலகை பட்ட முகம், குழியும் எழுத்தும் அங்கதான். மண் ஒட்டாம இருக்க அச்சுக்குள்ள மணல் தூவியிருந்தா அஞ்சு முகமும் சொரசொரன்னு இருக்கும், வழிச்ச முகம் மட்டும் வேற மாதிரி இருக்கும். தண்ணியில நனைச்ச அச்சுன்னா முகம் வழவழப்பா, ஓரம் கொஞ்சம் சரிஞ்ச மாதிரி இருக்கும். குழியே இல்லாம, ரெண்டு முகத்துல வளைஞ்ச கம்பிக்கோடு இருந்தா அது மிஷின்ல தள்ளிக் கம்பியில அறுத்த கல்.

வெந்த கல்லான்னு பார்க்க ரெண்டைத் தட்டுங்க, கணீர்னு கேக்கணும். நகத்தால கீறினா தடம் விழக்கூடாது. தடம் விழுந்தா அந்தக் கல்லுக்குத் தண்ணி காட்டாதீங்க.

கல்லெழுத்து
எழுத்தைப் படிப்பதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன.

அடிப்பலகையில் எழுத்து மேடாக இருந்தால் கல்லில் பள்ளமாக விழும். பலகையில் செதுக்கிய பள்ளமாக இருந்தால் கல்லில் மேடாக வரும். இரண்டிலும் பலகையில் எழுத்து இடவலம் மாறி இருக்க வேண்டும். ஆங்கில ‘என்’னும் ‘எஸ்’ஸும் தச்சர்கள் மாற்றிச் செதுக்க மறக்கும் எழுத்துகள். ஒரே சூளையின் கல்லில் சில ‘எஸ்’ நேராகவும் சில திரும்பியும் இருந்தால் குறைந்தது இரண்டு பலகைகள் ஓடியிருக்கின்றன என்று பொருள். அவற்றை வேறு சூளை என்று எண்ணிவிடாமல், இரண்டு வகையிலும் ஒன்று எடுங்கள்.

மரப்பலகை தேயும். புதிய பலகையில் அறுத்த கல்லில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். தேய்ந்த பலகையில் மொழுக்கையாகிவிடும். ‘இ’ என்ற ஆங்கில எழுத்து ‘எஃப்’ போலவும், ‘ஆர்’ ‘பி’ போலவும் தெரிவது இதனால்தான். ஒரு கல்லை வைத்து எழுத்தை முடிவு செய்யாமல் ஐந்தாறு கல்லை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெயர்களில் கடைசியில் வரும் ‘பி’ பெரும்பாலும் ‘பிரிக்ஸ்’. முதல் எழுத்துகள் உரிமையாளர் பெயர் அல்லது தெய்வப்பெயர். ஒரு மாவட்டத்திலேயே இரண்டு மூன்று சூளைகளுக்கு ஒரே எழுத்து இருக்கலாம் என்பதால் எழுத்தின் உயரம், இடைவெளி, புள்ளி வைத்திருக்கிறார்களா என்பதையும் மில்லிமீட்டரில் குறியுங்கள்.

படம் எடுக்கும்போது நேர் வெளிச்சம் உதவாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கல்லின் மட்டத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து, நான்கு பக்கத்திலிருந்தும் தனித்தனியே எடுங்கள். ஒரு கோணத்தில் மறையும் கோடு இன்னொன்றில் எழும். மேடான எழுத்துக்கு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாலும் போதும்.

அளவில் இன்னொரு குழப்பம். சுடாத பச்சைக்கல் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து நீளத்தில் நூற்றுக்கு 6 முதல் 10 வரை போகும். ஒன்பது அங்குலக் கல் வர அச்சு ஒன்பதே முக்கால் அங்குலம் வேண்டியிருக்கும். ஒரே அச்சில் அறுத்த கல்லில், தீக்கு அருகில் இருந்து கறுத்துப்போனது சிறியதாகவும் ஓரத்தில் அரைகுறையாக வெந்தது பெரியதாகவும் இருக்கும். கால் அங்குல வேறுபாட்டை வைத்து ‘பழைய அளவு, புதிய அளவு’ என்று பிரிக்காதீர்கள்.

களத்துமேடு
நன்றி ஐயா. அப்படியானால் அளவை வைத்து வயது சொல்லவே முடியாதா?

கல்லெழுத்து
ஒரு பக்கம் மட்டும் சொல்லலாம். இந்தியத் தரக்குறியீடான ஐ.எஸ். 1077 முதலில் 1957-ல் வந்தது; அதன் அளவு 190 × 90 × 90 மில்லிமீட்டர். அந்த அளவில் முத்திரையோடு ஒரு கல் கிடைத்தால் அது அதற்குப் பிந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம். மறுபக்கம் பொருந்தாது. ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குலக் கல்லைத் தமிழ்நாட்டுச் சூளைகள் இன்றும் சுடுகின்றன. ஆகவே அங்குல அளவு வயதுக்குச் சான்று ஆகாது. நீள்வட்டப் பள்ளத்தில் நெருப்பை நகர்த்திச் சுடும் ‘புல்’ (வடிவமைத்தவரின் பெயர்) சூளை 1876-க்குப் பிறகு இந்தியாவில் பரவியது. நாம் சேம்பர் கல் என்று சொல்வதில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததே. ஆனால் கல்லை மட்டும் பார்த்து, அது விறகுச் சூளையா சேம்பரா என்று எல்லா நேரமும் பிரிக்க முடியாது. வயதுக்கு நம்பகமான சான்று கட்டடம்தான்: முகப்பில் பதித்த ஆண்டு, கிரயப் பத்திரம், வரைபட அனுமதி. அதிலும் சுவர் மூலச் சுவரா பின்னால் எழுப்பியதா என்று பார்க்க வேண்டும், பழைய கல்லை மறுபடி பயன்படுத்துவது சாதாரணம். ஒரே கல்லில் சுண்ணாம்பும் சிமெண்டும் ஒட்டியிருந்தால் அது இரண்டாம் முறை கட்டப்பட்ட கல்லாக இருக்கலாம்.

ஓட்டுக்கூரை
ஆண்டைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வீட்டுக் கூரையும் ஓடாகத்தான் இருக்கும். மங்களூர் ஓட்டின் அடிப்புறத்தில் ‘1865’ என்று இருப்பதைக் காட்டி நூற்று அறுபது ஆண்டு ஓடு என்று விற்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்த கிறித்தவ அமைப்பான பாசல் மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை மங்களூரில் 1865-ல் தொடங்கப்பட்டது; ஓட்டில் உள்ளது அந்தத் தொடக்க ஆண்டு. பல பத்தாண்டுகள் அதே எண்ணை அச்சில் வைத்தார்கள். ஆல்புகர்க் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஓடுகளில் வரும் 1868-ம் இப்படியே.

ஊர்ப்பெயரைப் பாருங்கள், அதுதான் கால எல்லை தரும். மிஷன் பின்னர் கோழிக்கோடு, மால்பே, கொடக்கல், பாலக்காடு, ஃபெரோக் என்று பல இடங்களில் தொழிற்சாலை வைத்தது. ஃபெரோக் தொழிற்சாலை 1905-ல் வந்தது. அந்தப் பெயருள்ள ஓடு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. முதல் உலகப்போரில் ஜெர்மன், சுவிஸ் தொடர்பால் தொழிற்சாலைகள் மிஷன் கையை விட்டுப் போயின, பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் ஓடின. அந்தப் பெயர் இருந்தால் போருக்குப் பிந்தையது. கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஓடு வந்ததால் கொங்குப் பகுதியில் மலபார் ஊர்ப்பெயர்கள் அதிகம் எதிர்பார்க்கலாம்.

புதுச்சேரி வீடுகளில் பிரான்சின் மார்சேய் ஓடு கிடைக்கும். அங்கே பெயரோடு சின்னமும் இருக்கும். கிஷார் நிறுவனத்தின் தேனீ மிகவும் அறியப்பட்டது. சின்னம் தெரியும்படி எடுங்கள், மேல்பக்கப் பாசியைத் தேய்க்க வேண்டாம்.

ஓட்டைக் கீழே வைக்கும்போது படுக்கையாக அடுக்காதீர்கள். அடியில் உள்ள மேட்டு முனைகள் அடுத்த ஓட்டை அழுத்திப் பிளக்கும். நிறுத்தி, இடையில் வைக்கோலோ அட்டையோ கொடுத்து வையுங்கள்.

நெருப்புக்கல்
கோவைப் பக்கம் என்றால் ஆலைக் கொதிகலன், வார்ப்பட உலை இடிபாடுகளிலும் முத்திரைக் கல் உண்டு. வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளைச் சாயலில் கனமாக இருந்தால் அது உலை வெப்பம் தாங்கும் தீக்கல். அதில் எழுத்து பெரும்பாலும் முழுப் பெயராக இருக்கும். ஸ்காட்லாந்தின் கிளென்பாயிக், நியூகாசில் பக்கத்து கோவன், வங்காளத்து ராணிகஞ்சின் பர்ன் கம்பெனி, குமார்துபி ஆகியவை தெரிந்த பெயர்கள். உள்ளூர்ச் சூளை என்று தவறாகப் பதியாமலிருக்க இதைச் சொல்கிறேன்.

உலையின் உட்பக்கம் பார்த்த முகத்தில் கண்ணாடி போன்ற உருகல் படலம் இருக்கும். அதைச் சுரண்ட வேண்டாம், விளிம்பு கத்தியாக வெட்டும். பழைய கொதிகலனைச் சுற்றி வெள்ளை நார்ப் பொருள் சுற்றியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அந்த இடத்தில் கல்லே வேண்டாம், விலகி வந்துவிடுங்கள்.

வடவள்ளிவாசி
ஆசிட் விஷயம் புரிஞ்சது சார், நன்றி. கோவை தடாகம் பக்கம் 2021-ல் அனுமதியில்லாம ஓடின சூளைகளை மூடினாங்க இல்லையா, அந்த முத்திரைகளையும் இப்பவே சேர்க்கலாமா? அது பழசு இல்லையே.

சுண்ணாம்புச்சாந்து
அவசியம் சேருங்கள். பழையதைவிட அதுதான் அவசரம். எந்த எழுத்து யாருடையது, எந்த ஆண்டு பலகை மாற்றினார்கள், எந்த ஊருக்கு லோடு போனது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று இருக்கிறார்கள். மேஸ்திரிகள், லாரிக்காரர்கள், அச்சு செய்த தச்சர்கள், கல் அறுத்த குடும்பங்கள். கல் அறுக்கும் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. அந்தக் கணக்கு நோட்டிலும் பழைய பில் புத்தகத்திலும் சூளையின் முழுப் பெயரும் முகவரியும் இருக்கும். கல்லோடு அந்தப் பில்லின் படமும் சேர்ந்தால் முத்திரை உறுதியாகிவிடும். பழைய அடிப்பலகை விறகாகப் போகுமுன் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் பின்னோக்கிப் போக வேண்டுமானால்: செங்கல் மண் சிறுகனிமக் கணக்கில் வருவதால் 1959-ன் தமிழ்நாடு சிறுகனிம விதிகளின்கீழ் தந்த அனுமதிக் கோப்புகள் மாவட்டக் கனிமவளத் துறையில் இருக்கும். மண் எடுக்கக் கொடுத்த குத்தகைப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கலாம், சர்வே எண் தெரிந்தால் வில்லங்கச் சான்றில் வரும். சென்னைச் சூளைகளுக்கு அசைலம் பிரஸ் அச்சகம் வெளியிட்ட பழைய ஆண்டு டைரக்டரிகள் உதவும். ஊர்ப்பெயரும் குறிப்பு தரும்: சென்னையின் சூளை, சூளைமேடு, மதுரையின் காளவாசல். ஆனால் அங்கே சூளை எப்போது நின்றது என்பதைப் பெயர் சொல்லாது.

களத்துமேடு
இரண்டு கல் சுத்தம் செய்தாகிவிட்டது, எழுத்து முழுமையாக வந்தது. ஆனால் சுவரின் அடிப்பகுதியிலிருந்து எடுத்த கல்லில் வெள்ளையாகப் பூக்கிறது. துடைத்தால் மறுபடி வருகிறது.

சுண்ணாம்புச்சாந்து
அது நிலத்து உப்பு, ஈரத்தோடு சுவரில் ஏறியது. ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்திருக்கும்போது மென்தூரிகையால் தட்டி எடுங்கள்.

கல் கணீர் என்று ஒலித்தால் மட்டும் ஊறவைக்கலாம். ஒரு கல்லுக்குப் பதினைந்து லிட்டர் தண்ணீர், மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் பயனில்லை. அடியில் இரண்டு மரக்குச்சி வைத்து எல்லாப் பக்கமும் தண்ணீர் படவிடுங்கள். ஆர்.ஓ. பழுது பார்ப்பவர் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும்போது ஓர் அளவு, மூன்றாம் நாள் ஓர் அளவு; பிறகு தண்ணீரை மாற்றுங்கள். ஏற்றம் ஒவ்வொரு முறையும் குறையும், கடைசி இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவாக வந்தால் நிறுத்தலாம்.

காயவைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தண்ணீர் எந்த முகத்தில் ஆவியாகிறதோ அங்கேதான் மிச்ச உப்பு படியும். ஆகவே எழுத்துள்ள முகத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டி, பின்முகம் மட்டும் காற்றுப்படும்படி நிழலில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து உதிரும்.

கல்லில் மிளகளவு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஊறவைக்காதீர்கள். மண்ணில் இருந்த சுக்கான்கல் வெந்து சுட்ட சுண்ணாம்பாகி நிற்பது. சுவரின் உள்ளே ஈரம் படாமலே இருந்திருந்தால், தண்ணீர் கண்டதும் பருத்து மேலே இருக்கும் எழுத்தைத் தெறிக்கவைக்கும்.

வார்னிஷ், மெழுகு, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். உப்பு படலத்துக்குப் பின்னால் சேர்ந்து படலத்தோடு தோலையும் உரிக்கும்.

கல்லெழுத்து
எதை எடுக்கக் கூடாது என்றும் கேட்டிருந்தீர்கள். இன்றைய கல்லைவிட மிக அகலமான, மெல்லிய பெரிய செங்கல் வயலிலோ கிணறு தோண்டும்போதோ வரிசையாக வந்தால் அப்படியே விட்டுவிட்டு மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ சொல்லுங்கள். சங்ககாலக் கட்டுமானக் கற்கள் அப்படித்தான் இருக்கும். இடத்திலிருந்து பெயர்த்துவிட்டால் ஆய்வுக்கு அவற்றின் பயன் போய்விடும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களிலிருந்து ஒரு துண்டும் எடுக்கச் சட்டம் இடம் தராது. நூறு ஆண்டு கடந்த பொருள்கள் 1972-ன் தொல்பொருள் சட்டத்தின் எல்லைக்குள் வரலாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தனியார் வீட்டுக் கல்லுக்கு உரிமையாளரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் வாய்வார்த்தை போதாது.

கொத்துக்கரண்டி
முத்திரை இல்லேன்னு அச்சுக்கல்லை விட்டுடாதீங்க. மெட்ராஸ் டெரஸ் தளத்துல தேக்கு உத்திரத்துக்கு மேல குத்துவாட்டுல கோணலா அடுக்குற ஆறுக்கு மூணுக்கு ஒண்ணு அங்குலக் கல்லு. அதைச் சுடுறவங்க ரொம்பக் குறைஞ்சுட்டாங்க. சாந்தோட ரெண்டு மூணு கல்லு சேர்ந்த துண்டா எடுத்தா அடுக்குன முறையும் தெரியும்.

களத்துமேடு
உரிமையாளரிடம் எழுதி வாங்கிவிட்டேன். எத்தனை வைத்துக்கொள்ளலாம், எப்படி எண் இடுவது?

கல்லெழுத்து
ஒரு பலகை வகைக்கு இரண்டு போதும்: எழுத்து தெளிவான ஒன்று, வழித்த தடமும் மணல்தோலும் கெடாத ஒன்று. நல்ல கல் கிடைக்காத முத்திரையில் அரைக்கல்லையும் வையுங்கள். மீதியை மறுபடி கட்டப் பயன்படுத்துபவருக்கு விட்டுவிடலாம்.

எண்ணைக் கல்லின் மேல் நேரே எழுதாதீர்கள், மை உள்ளே இறங்கிவிடும். கல்லின் சிறிய தலைப்பக்கத்தில், எழுத்தில்லாத மூலையில், பாரலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்து ஒரு விரல் அகலத்துக்குப் பூசி, காய்ந்தபின் அதன்மேல் எழுதி, மறுபடி ஒரு பூச்சு கொடுங்கள். வேண்டாதபோது அசிட்டோனால் எடுத்துவிடலாம். அது கிடைக்காவிட்டால் துளையிட்ட அட்டையைப் பருத்தி நூலால் கட்டுங்கள். ஒட்டும் ஸ்டிக்கர் தோலோடு உரியும். அதே எண் நோட்டில்: எழுத்து, மூன்று அளவும், எடை, குழியின் நீளம் அகலம் ஆழம், நிறம், சாந்து, கட்டடம், சுவர், வரி, எடுத்த நாள், கொடுத்தவர் அனுமதி.

எடையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அங்குல அளவுக் கல் மூன்று முதல் மூன்றரை கிலோ. 200 கல் சேர்ந்தால் 650 கிலோவைத் தொடும். வீட்டு மாடித் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்துக்குக் கணக்கிடுவார்கள், எனவே மாடியில் ஒரே மூலையில் அடுக்காதீர்கள். தரைத்தளத்தில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, துளையிட்ட ஆங்கிள் ரேக். மூன்றடித் தட்டில் கல்லை நிறுத்தி எழுத்து முன்னால் பார்க்க வைத்தால் எட்டு நிற்கும். அடித்தட்டு தரையிலிருந்து ஆறு அங்குலம் உயரத்தில் இருக்கட்டும்.